ஒற்றைச் செருப்புக் கூடை

டீச்சர் கூடையை வாசலில் வைத்து, காலால் ஒரு தள்ளுத் தள்ளிச் சுவரோடு ஒட்டிவிட்டு, "ம், கழட்டுங்க" என்கிறார். வரிசையில் நிற்பவர்கள் குனிகிறார்கள். வேன் டிரைவர் வலது கால் ஷூவைக் கழற்றுகிறார். சலூன்காரர் இடது கால் செருப்பை. ஆளுக்கு ஒன்றே ஒன்று. மற்றக் காலில் இருப்பதோடு தாங்கித் தாங்கி உள்ளே போக வேண்டியது. ஆங்கிலப் பேச்சு வகுப்பு முடிந்ததும் அவர் கூடைக்குப் பின்னால் நிற்பார். தன்னுடையது எது, என்ன நிறம், எங்கே கிழிந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னால் கையில் கிடைக்கும். விரலை நீட்டிக் காட்டினால் கிடைக்காது.

இதனால் அவருக்குச் 'செருப்பு டீச்சர்' என்று பெயர் வந்துவிட்டது. வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள். இவர் திரும்பிப் பார்த்து, "எஸ்?" என்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குரல். தலைமுடியை இறுக்கிக் கட்டி அதில் ஒரு சாக்பீஸைச் செருகி வைத்திருப்பார். தேடும்போது மட்டும் அது அங்கே இருப்பது நினைவுக்கு வராது. காலில் கறுப்பு லேஸ் ஷூ. ஒவ்வொன்றிலும் இரட்டை முடிச்சு. ஊர்ச் செருப்பையெல்லாம் கழற்றச் சொல்லும் இவர் தன்னுடையதை ஒரு நாளும் கழற்றியதில்லை. கேட்டால், "லேஸ் அவுக்க நேரமாகும்" என்பார். அந்தக் காலில் ஆறு விரல் இருக்கிறது என்கிறார் டிரைவர். சாக்ஸில் ஓட்டை என்கிறார் சலூன்காரர். இரண்டு பேருக்கும் இடையே இது பெரிய வழக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகுப்பு நடக்கும் கூடத்துக்கு நேர் கீழே என் அறை. நான் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். எழுத உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஊர்வலம் போகிற மாதிரி சத்தம். ஒரு கால் 'டக்', மறு கால் 'பொத்'. 'டக் பொத், டக் பொத்' என்று ஒரு கூட்டமே நடந்தால் யாருக்குத்தான் எழுத வரும்? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் சண்டை போடுவதென்றே மாடி ஏறினேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியும்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"அப்ப மாணவரா இருக்க லாயக்கில்ல. கடுகடுன்னு பேச வருமா?"

"நான் அதுக்குத்தான் வந்தேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும். உங்க மூஞ்சியும் அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இங்க உக்காருங்க. நீங்கதான் போஸ்ட் ஆபீஸ் கிளார்க். இவர் பார்சல் அனுப்பணும். சுலபத்துல அனுப்ப விட்டுடாதீங்க."

சண்டை போடப் போனவன் ஒரு மணி நேரம் தபால் குமாஸ்தாவாக எரிந்து விழுந்துவிட்டு இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு சிடுசிடு டாக்டராக, நம்பாத கடைக்காரராக, காது கேளாத பெரியவராக எல்லாம் இருந்தாயிற்று. சம்பளம் ஒன்றும் இல்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு கரும்பலகை, மேஜை, பெஞ்சுகள். அவ்வளவுதான். பெஞ்சுகளும் சுவரோரம் தள்ளப்பட்டே கிடக்கும். "உக்காந்தா வாய் தூங்கிடும்" என்பது அவர் கட்சி. எழுதவும் விடமாட்டார். யாராவது பேனாவை எடுத்தால், "எழுதினா கைக்குத் தெரியும். வாய்க்கு எப்படித் தெரியும்?" என்று பிடுங்கி மேஜையில் போட்டுவிடுவார். சலூன்காரர் ஒரு முறை கைபேசியில் தமிழில் பேசி, அதை ஆங்கிலத்தில் சொல்ல வைத்து, பெருமையாக அவர் காதருகே நீட்டினார். டீச்சர் முழுவதும் கேட்டார். "நல்லாப் பேசுது. அதை இங்க விட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போங்க. அது பாஸ் ஆயிடும்" என்றார். சலூன்காரர் அசடு வழிய அதைப் பையில் போட்டவர்தான், இன்னும் வெளியே எடுக்கவில்லை.

டீச்சர் பாடம் நடத்துவது இப்படி. இருப்பவர்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்துவார். ஆளுக்கு ஒரு விஷயம்: நேற்று என்ன செய்தேன், என் வீட்டில் யார் யார். எதிரில் இருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். டீச்சர் கை தட்டியதும் ஒரு வரிசை மட்டும் ஓர் அடி நகரும். எதிரில் புது முகம். அதே விஷயத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் முகத்திடம் திக்கித் திணறியவர் கடைசி முகத்திடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை அளந்துகொண்டிருப்பார். "ஒரே பொய்யப் பத்துப் பேர்கிட்ட சொன்னா நமக்கே நம்பிக்கை வந்துடும் சார். இங்கிலீஷும் அப்படித்தான்" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். இந்த நேரத்தில் டீச்சர் வாயே திறக்க மாட்டார். தப்பைத் திருத்தவும் மாட்டார். "நான் மூடுனாத்தான் அவங்க திறப்பாங்க."

இதற்கு முன் அவர் ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலகத்து மொழியெல்லாம் வந்து நிற்கும். ஒரு பாஷையும் தெரியாதவர்கள் வண்டி கிளம்பப் போகிறது என்றால் கையாலும் காலாலும் அரைகுறை வார்த்தையாலும் பதிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். நிதானமாக வந்தவர்கள்தான் தயங்குவார்களாம். "வண்டி கிளம்புதுன்னா எல்லாருக்கும் வாய் வந்துடும் சார். என் வகுப்புல வண்டி இல்ல. அதான் செருப்ப எடுத்து வச்சிக்கிறேன். வீட்டுக்குப் போகணுமில்ல?"

வகுப்பில் ஒரு துணிப்பந்தும் உண்டு. அதன் கதை வேறு. வேன் டிரைவர் இங்கே வந்த புதிதில் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனார். கேள்விகளையும் பதில்களையும் வரிசையாகத் தானே மனப்பாடம் செய்துகொண்டு போனார். அங்கே இருந்த புண்ணியவான் மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டுவிட்டார். நம்மவர் வரிசை மாறாமல் முதல் பதிலைச் சொன்னார். என்ன கேட்டாலும் அடுத்த பதில், அதற்கடுத்த பதில் என்று நிறுத்தாமல் ஒப்பித்து, கடைசியில் "தேங்க்யூ" சொல்லி வணங்கிவிட்டு வந்துவிட்டார். வேலை கிடைக்கவில்லை. மறுநாளே டீச்சர் பழந்துணியில் ஒரு பந்து கட்டிக்கொண்டு வந்தார். பந்து யார் கைக்கு வருகிறதோ அவருக்கு எந்தக் கேள்வி வேண்டுமானாலும் வரும். அடுத்த நேர்காணலில் டிரைவர் கேட்டவர்களையே இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டுவிட்டு வேலையோடு வந்தார்.

ஊரையே பேச வைக்கும் இந்த அம்மாவுக்கு வாய்த்த கணவர் 'ம்' தவிர வேறு பேசுவதில்லை. வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து மாடிப்படியில் குடையோடு நிற்பார். "மழை வருமா?" "ம்." "கடைக்குப் போனீங்களா?" "ம்." "சாருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்களேன்." "ம்." இவரை மட்டும் டீச்சர் வம்புக்கு இழுப்பதில்லை. "வெளியில சம்பாதிக்கிற சத்தம் போதும். வீட்டுல ஒருத்தராவது சும்மா இருக்கட்டும்" என்பார்.

இப்படிப்பட்டவரையும் ஆட்டிப் பார்க்க ஒருத்தி வந்தாள்.

ஆம்லெட் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெரிய ஹோட்டலின் பின்கட்டுச் சமையலறையில் இரவு வேலை. நள்ளிரவில் வந்து இறங்குகிற பயணிகளுக்கு முட்டை வார்த்துக் கொடுப்பது. முப்பத்தைந்து வயது இருக்கலாம். வாட்டசாட்டமான ஆள், கதவை அடைத்துக்கொண்டுதான் நின்றாள். குரல் மட்டும் எங்கோ போய் ஒளிந்துகொண்டிருந்தது. வந்த அன்றே டீச்சரிடம் விஷயத்தைத் தமிழில் போட்டு உடைத்துவிட்டாள்.

"முன்னாடி ஹால்ல காலையில முட்டைக் கவுண்டர் ஒண்ணு போடுறாங்க டீச்சர். வர்றவங்க முன்னாடியே நின்னு, கேட்டுக் கேட்டுப் போட்டுத் தரணும். பெரிய குக் வெளிநாட்டுக்காரரு. அடுத்த வாரம் சனிக்கிழமை அவரே சோதிச்சுப் பாத்து ஆள் எடுப்பாரு. கைவேலையில எனக்குப் பயமில்ல. பேசணுமாமே."

"எதுக்கும்மா அந்த வேலை? சம்பளம் கூடவா?"

"சம்பளம் இதேதான். அது பகல் வேலை டீச்சர். இப்ப எம்பொண்ணு ராத்திரி நாத்தனார் வீட்டுல தூங்குது. நான் விடிஞ்சு போறப்ப அது பள்ளிக்கூடம் கிளம்பிட்டிருக்கு. அது தூங்கி நான் பாத்தே ரொம்ப நாளாச்சு."

டீச்சர் யோசிக்கவே இல்லை. "கிடைச்ச மாதிரிதான். செருப்பக் கழட்டு" என்றார்.

அன்று வரிசையில் அவள் முறை வந்தபோது எதிரில் நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். வாய் திறந்தது. காற்றுத்தான் வந்தது. பந்து கைக்கு வந்தால் சூட்டுச் சட்டியைத் தொட்டவள் போல அடுத்தவரிடம் தள்ளிவிட்டாள். வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பு வாங்கிப் போன பிறகு, கடைசியாக வந்து கூடைக்கு முன் நின்றாள். பழுப்பு நிற ஷூ ஒன்று மட்டும் அடியில் கிடந்தது.

டீச்சர் காத்திருப்பதற்கென்று ஒரு பாணி உண்டு. கையைக் கட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பார். அவசரப்படுத்த மாட்டார், எடுத்துக் கொடுக்கவும் மாட்டார். எத்தனையோ பேருடைய வாயை அந்தப் பார்வை திறந்திருக்கிறது. அன்றும் விட்டத்தைப் பார்த்தார். ஆம்லெட் அக்கா உதட்டை அசைத்தாள், எச்சிலை விழுங்கினாள், கூடையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால்.

நானும் இறங்கி வந்து என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மழை விட்ட தெரு. கையில் ஒரு பையோடு, ஈரத்தில் வெறுங்காலைப் பதித்துப் பதித்து, திரும்பியே பார்க்காமல் ஹோட்டல் இருக்கும் திசையில் போனாள். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனேன்.

"ஒரு பொம்பளைய ஒத்தச் செருப்போட தெருவுல நடக்க விட்டுட்டீங்களே, இதெல்லாம் நியாயமா?"

"அங்க கிச்சன்ல ரப்பர் பூட்ஸ் இருக்கும் சார்."

"நாளைக்கு வரலைன்னா?"

"வருவாங்க. ஷூ இங்க இருக்கே" என்று கூடையைக் காட்டினார். குரலில் ஒரு நூல் அளவு அசைவு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்தாள்தான். பச்சை ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லாமலே அதில் ஒன்றைக் கழற்றிக் கூடையில் போட்டாள். அன்றும் காற்றுத்தான் வந்தது. கடைசியில் கூடைக்கு முன் நின்றாள், டீச்சர் விட்டத்தைப் பார்த்தார், அவள் படியிறங்கினாள். படியில் குடையோடு நின்றிருந்த கணவர் ஒதுங்கி வழிவிட்டார். போகிறவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலே வந்து மனைவியிடம் கேட்டார்.

"அந்தப் பொண்ணு கால்ல கண்ணாடி கிண்ணாடி குத்துனா?"

இவருக்குப் பேச்சு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டீச்சர் கூடைக்கு முன் குனிந்தார். இரண்டு ஒற்றைச் செருப்புகளையும் எடுத்துத் தூசி தட்டினார். தட்ட அதில் தூசியே இல்லை.

மூன்றாம் நாள் வகுப்பு தொடங்குமுன்பே அவற்றை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஆம்லெட் அக்கா வந்தாள். கழற்றிப் போட்டது போக மிச்சம் இருந்ததைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்: ஒரு காலில் பழுப்பு ஷூ, மறு காலில் பச்சைச் செருப்பு. சிரிக்கலாம் போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இந்தாம்மா, பிடி. தப்பு என் மேல" என்றார் டீச்சர்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள். "வேணாம் டீச்சர். எல்லாரும் கேட்டுத்தான வாங்குறாங்க? நானும் கேட்டே வாங்கிக்கிறேன்."

"எப்பம்மா கேப்பே?"

"எனக்கும் தெரியல டீச்சர். ஒரு தடவ ரூமுக்குத் தட்டு கொண்டு போனப்ப ஒரு அம்மா என்னவோ கேட்டாங்க. நான் 'எஸ் எஸ்'னு தலையாட்டினேன். அவங்க மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. எதுக்கு எஸ் சொன்னேன்னு இன்னிவரைக்கும் தெரியல. அதுல இருந்து வாயத் திறந்தாலே அந்த மூஞ்சிதான் முன்னால வருது."

அப்படிச் சொல்லிவிட்டுக் குனிந்து பச்சைச் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டாள். இவள் பிடிவாதத்துக்கு முன்னால் டீச்சருடைய பிடிவாதம் கைக்குழந்தை.

அன்று வகுப்பு முடிந்தபோது டிரைவருக்கு அவசரம். தெருவில் வேனை வழியை மறித்து நிறுத்திவிட்டு வந்திருந்தார். கீழே ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. "பிளாக் ஷூ, டீச்சர்! பிளாக் ஷூ!" என்று கத்தினார். கூடையில் கறுப்பு ஷூ நாலைந்து கிடந்தன. "விச் ஒன்?" என்றார் டீச்சர். "பிளாக்! மை பிளாக்!" "விச் பிளாக்?" மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசத் தெரிந்ததெல்லாம் மறந்துபோய்ப் பேந்தப் பேந்த விழித்தார். கீழே யாரோ டிரைவரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டத் தொடங்கியிருந்தார்கள்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். அந்தக் கூடத்தில் யாரும் ஆங்கிலத்தில் கேட்டிராத குரல்.

"டீச்சர்! ஹிஸ் ஷூ... ஓல்ட். பிக். ஹோல் ஹியர்!" ஆம்லெட் அக்கா தன் கால் சுண்டுவிரலைக் காட்டினாள். "கிவ், டீச்சர்! ஹி இஸ் லேட்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் அந்த ஓட்டை ஷூவை எடுத்து வீச, டிரைவர் அதைக் கையில் பிடித்தபடியே, "தேங்க்யூ சிஸ்டர்!" என்று ஓடினார். பிறகு ஒவ்வொருவராகப் போய், அவள் முறை வந்தது. மறுபடியும் வெறும் காற்று. இந்த முறை டீச்சர் விட்டத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "கவனிச்சீங்களா சார்? தனக்குன்னா வாய் வரல. அடுத்தவனுக்குன்னா பொத்துக்கிட்டு வருது. நான் ஒரு முட்டாள். மூணு நாளா அவங்கள கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கேன். அவங்க நிக்க வேண்டியது அந்தப் பக்கம்."

"முறையே தப்புன்னு ஒத்துக்கிறீங்களா?" என்று சீண்டினேன்.

"முறை தப்பில்ல. ஆள நிறுத்துன இடம் தப்பு." மறுபடியும் அதே அசையாத குரல். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த வகுப்பில் ஆம்லெட் அக்காவைக் கூடைக்குப் பின்னால் நிறுத்தினார். "இன்னிலருந்து நீதான் கடை. கேட்டுக் கேட்டுத்தான் குடுக்கணும். ஒரு வார்த்தை சொன்னவனுக்குக் குடுத்துடாத. இன்னும் மூணு கேள்வி கேளு." அவள் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதலில் நின்றவர் சலூன்காரர்.

"விச் ஒன்?" குரல் தரையைத்தான் தொட்டது.

சலூன்காரர் நல்ல மனிதர். கையைக் காதருகே குவித்து, "வாட்?" என்றார்.

"விச் ஒன்?"

"வாட்?"

"விச் ஒன்னுன்னு கேக்குறேன்ல!" என்று பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் ஒரு அதட்டுப் போட்டாள். கூடமே அதிர்ந்தது. டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அடுத்தவரிடம் "பிளாக்? பிரவுன்?" வந்தது. அதற்கடுத்தவரிடம் "நியூ? ஓல்ட்?" வந்தது. எல்லாருக்கும் கொடுத்து முடித்தபோது கூடையில் மூன்று ஒற்றைகள் கிடந்தன. ஒரு பழுப்பு, இரண்டு பச்சை. டீச்சர் வந்து வாடிக்கையாளர் மாதிரி எதிரில் நின்றார்.

"விச் ஒன், டீச்சர்?" அவள் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"நோ. நாட் மைன். விச் ஒன் இஸ் யுவர்ஸ்?"

"திஸ்" என்றாள். "அண்ட் திஸ். அண்ட் திஸ். ஆல் மைன்." மூன்றையும் வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலில் போடக்கூடத் தோன்றவில்லை. டிரைவர்தான் ஞாபகப்படுத்தினார்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வேண்டுமென்றே டிரைவருக்குச் சலூன்காரர் செருப்பைக் கொடுத்துவிட்டு, "நோ? சாரி. டெல் மீ அகெய்ன்" என்று நீட்டி முழக்குவாள். டீச்சர் அப்படியே கூடையை முட்டைக் கவுண்டராக மாற்றினார். சாக்பீஸ்தான் முட்டை, டஸ்டர்தான் தோசைக்கல். ஒன்றா இரண்டா, வெங்காயம் போடவா, மிளகு போடவா, நன்றாக வேகட்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டாக வேண்டும். சிடுசிடு விருந்தாளி வேறு யார், நான்தான். சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்து நடித்தேன்.

"நோ ஆனியன்! நோ பெப்பர்! நோ சால்ட்! நோ எக்!" என்று மேஜையைக் குத்தினேன்.

அவள் டஸ்டரைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "நோ எக், நோ ஆம்லெட், சார். யூ வாண்ட் வாட்டர்?" என்றாள்.

வகுப்பு கைதட்டித் தீர்த்தது. நான் மூக்குடைபட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு சந்தோஷமாக இதற்கு முன் மூக்குடைபட்டதில்லை.

சனிக்கிழமை வந்து போயிற்று. சனி ஞாயிறு வகுப்பு கிடையாது. திங்கட்கிழமை மாலை எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவளைக் காணோம். கூடைக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. டீச்சர் அங்கே போய் நிற்கவில்லை. அழித்த கரும்பலகையையே மறுபடி அழித்தார். சாக்பீஸைத் தேடினார், தலையில் இருந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"வருவாங்கல்ல?" என்று கேட்டேன்.

"வருவாங்க" என்றார். "செருப்பு இங்க இருக்கே" என்று சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொண்டார். கூடை காலி. இந்தத் தடவை அவளை இழுத்து வர இங்கே எதுவும் இல்லை. ஜன்னலருகே போய் நின்று தெருவைப் பார்த்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

படியில் சத்தம் கேட்டது. 'டக் பொத்' இல்லை; இரண்டு காலும் சமமாக ஏறி வருகிற சத்தம். ஆம்லெட் அக்கா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பி எட்டிப் பார்த்தது.

"என்னம்மா?" என்றார் டீச்சர்.

"நாம பழகுனது எதையுமே அவரு கேக்கல டீச்சர். 'குட் மார்னிங்'னாரு. அவ்வளவுதான். கைய பின்னால கட்டிக்கிட்டு என்னையே பாக்குறாரு. போச்சுடான்னு நினைச்சேன். அப்பத்தான் புரிஞ்சது, அவரு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். நான்தான் கேக்கணும். கேக்க ஆரம்பிச்சேன். ஒண்ணா ரெண்டா, ஆனியன் வேணுமா, எவ்வளவு வேணும், சின்னதா நறுக்கட்டுமா பெருசா நறுக்கட்டுமான்னு விடவே இல்ல. கடைசியில அவரே கையெடுத்துக் கும்பிட்டு, 'ப்ளீஸ், குக்!'னுட்டாரு."

"அப்புறம்?"

"நாளைக் காலையிலருந்து முன் ஹால்ல நிக்கச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு ராத்திரி வேலை இல்ல. எம்பொண்ணு பக்கத்துல படுத்துக்குவேன்." நான் எல்லாருக்கும் முன்னால் கைதட்டிவிட்டேன். சொல்வதில் என்ன வெட்கம்? டிரைவர் பெஞ்சைத் தட்டினார். சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார். டீச்சர் மட்டும், "நான்தான் சொன்னேனே, கிடைச்ச மாதிரின்னு. ம், வகுப்பு ஆரம்பிக்கலாம். கழட்டுங்க" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறு தட்டியது.

ஆம்லெட் அக்கா கூடைக்குப் பின்னால் போய் நின்றாள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார்கள். அவளும் தன் பழுப்பு ஷூவில் ஒன்றைப் போட்டாள். அப்புறமும் கூடையைத் தள்ளி வைக்கவில்லை. டீச்சருடைய காலைப் பார்த்தாள். கறுப்பு ஷூ, இரட்டை முடிச்சு. நிமிர்ந்து கையை நீட்டினாள்.

"டீச்சர். யுவர் ஷூ, ப்ளீஸ்."

டிரைவரும் சலூன்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லேஸ் அவுக்க நேரமாகும்மா" என்றார் டீச்சர்.

"நோ ப்ராப்ளம். வி வெயிட்" என்றாள் ஆம்லெட் அக்கா. கையைக் கட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

டீச்சர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முதல் முடிச்சில் நகத்தை வைத்தார்.